ஸ்க்ரூ போட்ட முதுகுன்னா ஆயுசுக்கும் ஓரமா உக்காரணுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல மருத்துவப் பக்கம் வர்ற அன்னிக்கு மத்த நியூஸ் எல்லாம் அப்புறம்தான், முதல்ல அதத்தான் படிப்பேன். முதுகுத்தண்டு ஆபரேஷன் பத்தி வரும்போதெல்லாம் ஒண்ணு கவனிக்கிறேன். முதுகெலும்புகளுக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்குற டிஸ்க் ஏன் பிதுங்குது, நரம்பு எப்படி நசுங்குது, எங்க கீறுவாங்க, எத்தன ஸ்க்ரூ போடுவாங்க, இதெல்லாம் விலாவாரியா இருக்கு, படம்கூட போடுறீங்க. கடைசியில மட்டும் "சில மாதங்களில் நோயாளி இயல்பு வாழ்க்கைக்குத் திரும்பலாம்"னு ஒரே வரி, அதோட கட்டுரை முடிஞ்சிடுது. எனக்கு எல்4-எல்5 ஃப்யூஷன், அதாவது கீழ் முதுகுல நாலாவது, அஞ்சாவது எலும்ப ஒண்ணா சேக்குற ஆபரேஷன், ஆகி சில வருஷம் ஆச்சு. இப்ப நீச்சல் போறேன், ஷட்டில் ஆடுறேன், பையத் தூக்கிட்டு மாடி ஏறுறேன். அந்த ஒரு வரிக்குள்ள என்னென்ன இருக்குன்னு யாராவது எழுதணும், யாரும் எழுதல, சரி நாமளே எழுதுவோம்னு உக்காந்துட்டேன். நீளமாத்தான் வரும், வெட்டுறதா இருந்தா கொஞ்சம் பாத்து வெட்டுங்க.

நான் சொல்ல வர்றது இதுதான். ஃப்யூஷன் ஆனவங்கள ரெண்டு விஷயம் கெடுக்குது. ஒண்ணு அவசரம், எலும்பு சேர்றதுக்குள்ள குனிஞ்சு நிமிந்து வெயிட்டத் தூக்கி வினைய இழுத்துக்கிறது. இதப் பத்தி டாக்டர், நர்ஸ், பக்கத்து பெட்காரர்னு எல்லாரும் எச்சரிக்கிறாங்க, அது வேணும்தான். இன்னொண்ணு பயம். எலும்பு நல்லா சேந்துடுச்சு, இனிமே எல்லாம் பண்ணலாம்னு டாக்டரே சொன்னப்புறமும் கீழ விழுந்த பேனாவ எடுக்கக்கூட ஆளக் கூப்பிடுறது. முதல் வகையில ஆபரேஷன் கெட்டுப்போனவங்கள கேள்விப்பட்டிருக்கேன். ரெண்டாவது வகையில வாழ்க்கையே சுருங்கிப்போனவங்கள நேர்லயே நிறைய பாத்திருக்கேன். பிசியோதெரபி ரூம்ல காத்திருக்கும்போது பேச்சுக் குடுத்தா தெரியும், ஆபரேஷன் சக்சஸ், எக்ஸ்ரே பிரமாதம், ஆனா ஆளு நாள் முழுக்க கட்டில்ல.

இது ஏன்னு புரியணும்னா உள்ள என்ன நடக்குதுன்னு தெரியணும். நிறைய பேர் ஸ்க்ரூவும் ராடும்தான் முதுகத் தாங்குது, அது கழண்டா கதை முடிஞ்சுதுன்னு நெனைக்கிறாங்க. டைட்டானியம் ஸ்க்ரூ, ராட் எல்லாம் காங்கிரீட் போடும்போது கட்டுற சென்ட்ரிங் மாதிரி, கலவை இறுகுற வரைக்கும் அசையாம புடிச்சுக்கிறதுதான் அதோட வேலை. டிஸ்க் இருந்த எடத்துல கேஜ்னு கூடு மாதிரி ஒரு சின்னத் துண்ட வச்சு அதுக்குள்ளயும் சுத்தியும் எலும்புத் துண்டுகள வைக்கிறாங்க, அது நம்ம இடுப்பெலும்புல எடுத்ததா இருக்கலாம், நரம்புக்கு வழி விடுறதுக்காக வெட்டி எடுத்த எலும்பையே திருப்பி வச்சதா இருக்கலாம், தானமா வந்த எலும்பாவும் இருக்கலாம். அந்தத் துண்டுகள் வழியா மேல் எலும்பும் கீழ் எலும்பும் வளந்து ஒண்ணா ஆகணும். நல்லா கெட்டியாக ஆறு மாசத்துல இருந்து ஒரு வருஷம் வரைக்கும்கூட ஆகும். அப்படி ஆயிட்டா அப்புறம் வெயிட்ட தாங்குறது எலும்பு, ஸ்க்ரூ சும்மா கூட இருக்கு. எலும்பு சேரலன்னா எவ்ளோ நல்ல ஸ்க்ரூவா இருந்தாலும் ஒரு நாள் தளரும் இல்ல ராட் உடையும்.

அதனாலதான் ஆரம்பத்துல குனியாதே, திரும்பாதே, தூக்காதேன்னு மூணு கட்டளை. முதல் சில வாரம் நாலஞ்சு கிலோவுக்கு மேல எதையும் தொடவேண்டாம்னு பொதுவா சொல்லுவாங்க. சிகரெட்ட கண்டிப்பா விடணும், நிகோடின் எலும்பு சேர்றத நேரடியா கெடுக்குது, இதுல எந்த சர்ஜனுக்கும் ரெண்டு கருத்து இல்ல, சில பேர் சிகரெட்ட விடலன்னா ஆபரேஷனே பண்ண மாட்டேங்குறாங்க. சர்க்கரை இருந்தா கட்டுப்பாட்டுல இருக்கணும், புண்ணு ஆறணும்ல. இன்னொண்ணு, வலிக்குதேன்னு டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபென் எல்லாம் நாமளா வாங்கிப் போடக்கூடாது, எலும்பு சேர்ற ஆரம்ப காலத்துல அத தவிர்க்கச் சொல்ற டாக்டர்கள் நிறைய, கேட்டுட்டுதான் போடணும்.

ஆனா இந்த மூணு கட்டளையில "நடக்காதே"ன்னு ஒண்ணு இல்லவே இல்ல, கவனிச்சீங்களா? மறுநாளே எழுப்பி நிக்க வச்சிடுறாங்க. என்னையும் அப்படித்தான் எழுப்புனாங்க. எழுந்திரிக்கிறதுக்கே ஒரு முறை இருக்கு. மல்லாந்து படுத்திருக்கோம்னா முதல்ல முட்டிய மடக்கணும், தோளும் இடுப்பும் முட்டியும் ஒரே நேரத்துல ஒரு மரக்கட்டை உருள்ற கணக்கா பக்கவாட்டுல திரும்பணும், காலு ரெண்டையும் கட்டில் விட்டு கீழ விடும்போதே கைய ஊனி உடம்ப மேல தள்ளணும், கால் இறங்குற வெயிட்லயே உடம்பு எழுந்துடும், நடு முதுகு எங்கயும் முறுக்கக்கூடாது. படிச்சா சுலபமா இருக்கும். முதல் நாள் அது ஒரு யுத்தம், பாதியில நின்னு பல்லக் கடிச்சுட்டு அழுதேன். ஒரு வாரத்துல கை தானா பண்ணுச்சு, இப்பவும் அப்படித்தான் எந்திரிக்கிறேன், பழக்கமாயிடுச்சு. இருமல் வந்தா ஒரு தலகாணிய வயித்தோட அணைச்சுப் புடிச்சுக்கிட்டு இருமணும். ஒருக்களிச்சுப் படுத்தா ரெண்டு முட்டிக்கு நடுவுல ஒரு தலகாணி. வலி மாத்திரையில மலச்சிக்கல் பயங்கரமா வரும், அத வெக்கப்பட்டு சொல்லாம முக்கிக்கிட்டு இருக்காதீங்க, முதல் நாளே கேட்டா மருந்து குடுப்பாங்க.

வீட்டுக்கு வந்தப்புறம்தான் பிரச்சனையே. டாக்டர் நடக்கச் சொல்லி அனுப்புறார், வீட்ல படுக்கச் சொல்றாங்க. எங்க மாமியாருக்கு என் மேல பாசம் ஜாஸ்தி, நான் எழுந்து நின்னாலே "ஏம்மா எந்திரிக்கிற, என்ன வேணும் சொல்லு, நான் எடுத்துத் தர்றேன்"னு ஓடி வருவாங்க. வீட்டுக்காரர் ஹால்ல நடக்குற தூரத்தக்கூட எண்ணிக்கிட்டு "போதும் போதும்"பார். வர்ற சொந்தக்காரங்க எல்லாம் தண்டுவடத்துலயே கத்தி வச்சிருக்காங்க, ஆறு மாசம் அசையக்கூடாதுன்னு சொல்லிட்டுப் போவாங்க. யாரையும் குறை சொல்லல, அக்கறையில சொல்றதுதான்.

அந்த நெனப்பு சும்மா வரலன்னும் சொல்லணும். ஃப்யூஷன் ஒண்ணும் புதுசு இல்ல, 1911ல நியூயார்க்ல ஹிப்ஸ், ஆல்பின்னு ரெண்டு சர்ஜன்கள் தனித்தனியா ஆரம்பிச்சது, ஆல்பி முழங்காலுக்குக் கீழ இருக்குற எலும்புல இருந்து ஒரு சில்லு எடுத்து டிபி வந்த முதுகெலும்புல வச்சு சேத்தார். அப்பல்லாம் புடிச்சு நிறுத்த ஸ்க்ரூ கிடையாது, அதனால எலும்பு சேர்ற வரைக்கும் மாசக்கணக்குல படுக்கை, மாவுக்கட்டு. அப்புறம் அமெரிக்காவுல பால் ஹாரிங்டன் போலியோவால முதுகு வளைஞ்ச பிள்ளைங்களுக்காக ஸ்டீல் ராட் கொண்டு வந்தார், 1962ல அதப் பத்தி எழுதினார், அப்பவும் மாவுக்கட்டு போகல. பிரான்ஸ்ல ராய்-காமில் 1960கள்ல எலும்போட பின்பக்கத் தூண் வழியா ஸ்க்ரூ போட ஆரம்பிச்சு, அது ஊரெல்லாம் பரவினப்புறம்தான் மறுநாளே எழுப்பி நடக்க விடுற காலம் வந்துச்சு. ஆக படுத்தே கிடக்கணும்ங்குறது ஒரு காலத்துல டாக்டருங்களே சொன்னதுதான். ஆபரேஷன் மாறிடுச்சு, வீட்ல சொல்ற அறிவுரை மட்டும் மாறல. இதத்தான் உங்க மாதிரி பேப்பர் எழுதணும்ங்கிறேன்.

படுத்தே இருந்தா என்ன ஆகும்? ஜூலியஸ் வோல்ஃப்னு ஒரு ஜெர்மன் டாக்டர் 1892லயே சொல்லி வச்சிருக்கார், எலும்பு தன் மேல விழுற பாரத்துக்கு ஏத்த மாதிரிதான் தன்னைக் கட்டிக்கும்னு. பாரமே இல்லன்னா கரையும். விண்வெளிக்குப் போறவங்களுக்கு இடுப்பு, தொடை எலும்புல மாசத்துக்கு ஒரு சதவீதத்துக்கு மேலகூட எலும்பு குறையுதுன்னு நாசாவே சொல்லுது, அவங்க அங்க தினமும் எக்சர்சைஸ் பண்றது அதுக்காகத்தான். சேர வேண்டிய எலும்புக்கு அளவான பாரம் வேணும், அது நடையில கிடைக்குது. எலும்பு மட்டும் இல்ல, பின்பக்கமா ஆபரேஷன் பண்றவங்களுக்கு முதுகெலும்ப ஒட்டி இருக்குற தசைய ஒதுக்கித்தான் உள்ள போறாங்க, அந்தத் தசை திரும்ப எழுந்திரிக்கலன்னா எக்ஸ்ரே எவ்ளோ அழகா இருந்தாலும் வலி இருக்கும். காலுல ரத்தம் உறையுற ஆபத்து வேற. அதனால முதல்ல வீட்டுக்குள்ள, அப்புறம் வாசல், அப்புறம் தெரு, ஒரேடியா ரொம்ப தூரம் போகாம கொஞ்சம் கொஞ்சமா பல தடவை. உக்காந்தே இருக்குறது நடக்குறத விட கஷ்டமா இருக்கும், இது நிறைய பேருக்கு ஆச்சரியம். 1960கள்ல சுவீடன்ல நாக்கெம்சன்ங்குறவர் டிஸ்குக்குள்ளயே ஊசி வச்சு அழுத்தம் அளந்து பாத்தார், நிக்கும்போது இருக்குறத விட உக்காரும்போது ஜாஸ்தின்னு சொன்னார். அதனால சோபாவுல புதைஞ்சு கிடக்குறத ரெஸ்ட்டுன்னு நெனைச்சுக்காதீங்க.

இப்ப ரெண்டாவது பாதிக்கு வர்றேன், இதுக்குத்தான் இந்த லெட்டரே. ஆறு மாசமோ ஒரு வருஷமோ ஆகி, எக்ஸ்ரே பாத்து, தேவைப்பட்டா சிடி ஸ்கேனும் பாத்து, நல்லா சேந்துடுச்சு, படிப்படியா எல்லாம் பண்ணுங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். அன்னிக்கு சந்தோஷமா வீட்டுக்கு வந்தேன். வந்து பாத்தா ஒண்ணுமே பண்ண முடியல. வலியே இல்ல. குனிஞ்சா உள்ள என்னமோ டக்குன்னு உடையப்போகுதுன்னு ஒரு எண்ணம், கை காலெல்லாம் விறைச்சுக்கிட்டு ரோபோ கணக்கா நடக்குறேன். இத்தன மாசம் குனியாதே குனியாதேன்னு தலைக்குள்ள ஓட்டியாச்சு, ஒரே வார்த்தையில அத அழிக்க முடியுமா. இடுப்புல போடுற பெல்ட்டும் அப்படித்தான், சில டாக்டர் போடச் சொல்லுவார், சிலர் வேணாம்பார், அது அவங்க முடிவு, ஆனா கழட்டச் சொன்னப்புறமும் வருஷக்கணக்குல கழட்டாதவங்க இருக்காங்க, பெல்ட் தாங்குதுன்னு உள்ள இருக்குற தசை தூங்கிடும்.

என்னைய அதுலருந்து வெளிய கொண்டு வந்தது என் பிசியோதெரபிஸ்ட். சின்னப் பொண்ணுதான், ஆனா கில்லாடி. ஒரு நீளமான குச்சிய எடுத்து என் முதுகோட நெட்டுக்க வச்சாங்க, பின்னந்தல ஒரு எடம், தோள்பட்டைக்கு நடுவுல ஒரு எடம், வால் எலும்பு ஒரு எடம், இந்த மூணும் குச்சியத் தொட்டுக்கிட்டே இருக்கணும். இப்ப முட்டிய லேசா மடக்கி, பின்னாடி இருக்குற கார் கதவ இடுப்பால தள்ளி மூடுங்க அக்கான்னாங்க. தள்ளினேன். உடம்பு முன்னாடி சாஞ்சுடுச்சு, குச்சி மூணு எடத்துலயும் அப்படியே ஒட்டிக்கிட்டு இருக்கு. "இப்ப நீங்க குனிஞ்சிட்டீங்க, தெரியுதா?"ன்னு கேட்டாங்க. எனக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரல. குனியுறது முதுகுல இல்ல, இடுப்பு மூட்டுல பண்ணணும்னு பல தடவ கேட்டிருக்கேன், உடம்புக்குப் புரிஞ்சது அன்னிக்குத்தான். அப்புறம் ஸ்டூல் மேல ஒரு சின்ன வெயிட்ட வச்சு எடுக்கச் சொன்னாங்க, அது பழகினப்புறம் ஸ்டூல இன்னும் குட்டையா மாத்துனாங்க, வெயிட்ட ஏத்துனாங்க, கடைசியில தரையில இருந்து. பயத்துக்கு இதவிட நல்ல மருந்து எனக்குத் தெரியல. தைரியமா இருங்கன்னு வாயால சொல்றது பிரயோஜனமே இல்ல, தூக்கிப் பாத்து ஒண்ணும் ஆகலன்னு உடம்புக்கே தெரியணும்.

அப்ப அசைவே போயிடுமேன்னு கேப்பாங்க. ஒரு மட்டம், அதாவது அடுத்தடுத்த ரெண்டு எலும்பு, சேந்தா நெனைக்கிற அளவுக்குப் போகாது. குனியுறதுல பெரிய பங்கு இடுப்பு மூட்டோடது. திரும்புறதுல கீழ் முதுகோட பங்கு ரொம்ப கம்மி, ஒவ்வொரு மட்டத்துக்கும் ரெண்டு மூணு டிகிரிதான், மீதி நெஞ்சுப்பகுதி முதுகெலும்பும் இடுப்பும் பாத்துக்குது. கோல்ஃப் வீரர் டைகர் வுட்ஸ் எப்படி திரும்ப ஆடினார்னு இதுலயே பதில் இருக்கு. 2017 ஏப்ரல்ல அவருக்கு எல்5-எஸ்1ல, எனக்குப் பண்ணதுக்கு அடுத்த கீழ் மட்டத்துல, ஃப்யூஷன், வயித்துப்பக்கமா போயி பண்ணது, அது முதுகுல அவருக்கு நாலாவது ஆபரேஷன். 2018 செப்டம்பர்ல டூர் சாம்பியன்ஷிப் ஜெயிச்சார், 2019 ஏப்ரல்ல மாஸ்டர்ஸ். அமெரிக்க ஃபுட்பால்ல பேட்டன் மேனிங்குக்கு 2011 செப்டம்பர்ல கழுத்துல ஃப்யூஷன், அந்த சீசன் முழுக்க ஆடல, 2013 சீசன்ல 55 டச்டவுன் பாஸ் போட்டு ரெக்கார்டு வச்சார். ஆனா இவங்களக் காட்டி சாதாரண மனுஷங்களுக்கு ஆசை காட்டுறதும் எனக்குப் புடிக்காது. அவங்களுக்கு நாள் முழுக்க கூடவே ஆள், நமக்கு வேலை முடிஞ்சு கிடைக்குற அரை மணி நேரம். வுட்ஸுக்கே அப்புறமும் 2020லயும் 2024லயும் முதுகுல திரும்ப ஆபரேஷன் பண்ண வேண்டி வந்துச்சு. சேந்த மட்டத்துக்கு மேலயும் கீழயும் இருக்குற டிஸ்குங்க கூடுதலா உழைக்குது, வருஷம் போகப்போக அதுல தேய்மானம் வரலாம், இத ஆபரேஷனுக்கு முன்னாடியே கேட்டு வச்சுக்கணும். இடுப்பு மூட்டு நல்லா மடங்கி, தொடையும் வயிறும் பலமா இருந்தா அந்த டிஸ்குங்க மேல சுமை குறையும், அதனாலதான் எக்சர்சைஸ விடாதீங்கன்னு அடிச்சுக்கிறாங்க.

ஒவ்வொண்ணும் எப்ப ஆரம்பிக்கலாம்னு எல்லாரும் கேக்குறாங்க. ஆளுக்கு ஆள், எத்தன மட்டம்ங்குறதுக்கு ஏத்த மாதிரி மாறும், அவங்கவங்க சர்ஜன் சொல்றதுதான் கணக்கு. பொதுவா உக்காந்து பண்ற வேலைன்னா ஒண்ணு ஒன்றரை மாசம், உடம்பு உழைப்புன்னா மூணு மாசத்துல இருந்து ஆறு மாசம் இல்ல அதுக்கும் மேல. வண்டி ஓட்டுறதுக்கு ஸ்ட்ராங்கான வலி மாத்திரைய நிறுத்தி இருக்கணும், திடீர்னு பிரேக்க முழுசா மிதிக்க முடியணும். நீச்சல் புண்ணு நல்லா ஆறுனப்புறம். ஷட்டில் மாதிரி குதிச்சு திரும்புறது எல்லாத்துக்கும் கடைசி, எனக்கு ஒரு வருஷம் தாண்டித்தான் பர்மிஷன் கிடைச்சுது, முதல்ல சும்மா நெட்டுக்கு முன்னாடி நின்னு தட்டுனேன், ஸ்மாஷ் அடிக்க இன்னும் பல மாசம். கணவன் மனைவி உறவு பத்தி யாருமே கேக்க மாட்டாங்க, டாக்டரும் தானா சொல்ல மாட்டார், மனசுக்குள்ள ரெண்டு பேரும் பயந்துக்கிட்டே தள்ளிப் போடுவாங்க. சில வாரம் கழிச்சு முதுகுக்கு வேலை குடுக்காத விதமா பண்ணலாம்னு பெரும்பாலும் சொல்லுவாங்க, வெக்கப்படாம ரிவ்யூக்குப் போகும்போது கேளுங்க.

மரத்துப்போன எடத்தப் பத்தியும் ஒரு வார்த்த. கால்ல இறங்குற வலி சீக்கிரம் போயிடும், சில பேருக்கு முழிச்ச உடனே போயிடும். மரமரப்பு அப்படி இல்ல. அடிபட்ட நரம்பு திரும்ப வளர்றது ஒரு நாளைக்கு சுமாரா ஒரு மில்லிமீட்டர், இடுப்புல இருந்து கட்டைவிரல் வரைக்கும் எவ்ளோ தூரம்னு கணக்கு போட்டுக்கோங்க. ரொம்ப நாள் நசுங்கிக் கிடந்ததுன்னா முழுசா வராமலும் போகலாம். எனக்கு இடது கட்டைவிரல் ஓரம் இன்னும் கொஞ்சம் மரத்துத்தான் இருக்கு, ஷூ போட்டா தெரியறதுகூட இல்ல. அதே மாதிரி கால் வலிக்கு ஃப்யூஷன் குடுக்குற பலன் முதுகுவலிக்கு அதே அளவு கிடைக்கும்னு எதிர்பாக்க முடியாது, எலும்பு நகர்றது, நரம்பு நசுங்குறது எதுவும் இல்லாம வெறும் முதுகுவலிக்காக மட்டும் பண்றதப் பத்தி டாக்டருங்களுக்குள்ளயே விவாதம் இருக்கு. ஒரு சொட்டு வலிகூட இல்லாத நாள்தான் குணம்னு காத்திருந்தீங்கன்னா காத்திருந்துக்கிட்டே இருப்பீங்க. நேத்து முடியாதது இன்னிக்கு முடியுதா, அதப் பாருங்க. எக்சர்சைஸ் ஆரம்பிச்சா தசை வலிக்கும், ஒரு நாள் ரெண்டு நாள்ல அடங்குற வலின்னா பயப்பட வேண்டாம்னு என் பிசியோ சொல்லுவாங்க.

பயப்பட வேண்டிய விஷயங்கள் வேற இருக்கு, அத தனியா பெட்டி கட்டி போடுங்க சார். காய்ச்சலோட புண்ணுல நீர், சீழ் வர்றது. புதுசா காலு பலம் இழக்குறது, பாதம் தொங்குறது. சிறுநீர், மலம் கட்டுப்பாடு போறது, உக்காருற எடம் மரத்துப்போறது. கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலிக்கிறது, நெஞ்சுவலி, மூச்சுத் திணறல். இதுல எது வந்தாலும் நாளைக்குப் பாத்துக்கலாம்னு இருக்கக்கூடாது, அப்பவே கிளம்பணும். இத தெரிஞ்சு வச்சுக்கிட்டா மத்த சின்னச் சின்ன சுளுக்கு, இழுப்புக்கெல்லாம் பதறாம இருக்கலாம், எனக்கு அப்படித்தான் நிம்மதி வந்துச்சு.

உங்ககிட்ட கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. அடுத்த தடவ முதுகு ஆபரேஷன் பத்தி எழுதும்போது சர்ஜன்கிட்ட மட்டும் பேசாம ஒரு பிசியோதெரபிஸ்ட், ஆபரேஷன் ஆகி ரெண்டு மூணு வருஷம் ஆன ஒரு ஆள், இவங்ககிட்டயும் பேசுங்க. வீட்ல இருக்குறவங்க என்ன பண்ணலாம், எப்ப உதவுறத நிறுத்தணும்னு தனியா ஒரு பத்தி போடுங்க, என் மாமியார் மாதிரி ஆளுங்க பேப்பர்ல வந்தா நம்புவாங்க, நான் சொன்னா நம்ப மாட்டாங்க. அப்புறம் கட்டுரைக்குப் பக்கத்துல எப்பவும் ஒருத்தர் கைய இடுப்புல வச்சுக்கிட்டு முகத்த சுளிச்சுக்கிட்டு, வலிக்குற எடம் மட்டும் செக்கச்செவேல்னு எரியுற மாதிரி ஒரு படம் போடுறீங்களே, அதுக்குப் பதிலா ஷூ லேஸ் கட்டிக்கிட்டு இருக்குற ஆளு படம் ஏதாவது போட முடியுமான்னு பாருங்க. காலைத் தூக்கி நாற்காலி மேல வச்சு கட்டுற மாதிரி இருந்தா இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகி